கஞ்சி போட்ட காக்கி

செங்கமலம் சேலை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்மா, பேர் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும். அப்படி வேப்பமரத்தடியில ஓரமா உக்காரு," என்றான்.

போன மாதம் வரைக்கும் இதே ஆள் அவளைக் கண்டால் பூட்ஸைத் தரையில் அடித்து சல்யூட் வைத்தவன்தான். முகம் அதே முகம், மூக்குத்தி அதே மூக்குத்தி, வலது புருவத்தில் கல்லடி பட்ட தழும்பு கூட அப்படியேதான் இருந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லி வைத்த மகராசன் ஆளுக்குக் கொஞ்சம் தாராளமாகவே பங்கு கொடுத்துவிட்டான் போல.

"நான் இன்ஸ்பெக்டர் செங்கமலம்."

அவனுக்குக் குப்பென்று வேர்த்தது. "ஐயோ மேடம்! சேலையில அடையாளமே தெரியலீங்க. மன்னிச்சுக்கோங்க."

"விடுப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் அந்த 'ஓரமா உக்காரு' நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. பின்னால் அவள் புருஷன் சென்னியப்பன் டிபன் பையோடு வந்தார். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காத மனுஷன்.

"அம்மிணி, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போயிரல. தப்பா எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லீட்டுத் திரும்பிப் போயிரலாம்," என்றார் மெதுவாக.

"ஏனுங்க, ஒருத்தன் சாகற வரைக்கும் உள்ள கெடப்பானுங்க. உங்களுக்குச் சோறு இறங்குமா?"

விஷயம் அவ்வளவுதான். இன்றைக்கு அவள் சாட்சி சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் தவசி என்கிற இருபத்திரண்டு வயது லோடுமேன் செய்யாத கொலைக்கு ஆயுள் முழுக்க ஜெயிலில் கிடப்பான். நடுவில் வேறு வழி கிடையாது.

இந்த இடத்தில் அந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்க்கார் அதற்கு 'இணக்க நூல்' என்று அழகாகப் பெயர் வைத்தது. ஊர் சும்மா இருக்குமா? 'தலையாட்டித் துணி' என்று வைத்தது. காக்கியோடு சேர்த்து நெய்த ஒரு மெல்லிய இழை அது. போட்டிருப்பவர் உடம்புச் சூட்டில் அது வாசமில்லாத ஒரு ஆவியை விடும். கை எட்டும் தூரத்தில் நிற்கிறவன் அதை மூச்சில் இழுத்தால் எதிர்த்துப் பேசுகிற புத்தி கொஞ்ச நேரத்துக்கு மழுங்கிப் போகும். 'கலைஞ்சு போங்க' என்றால் போவான். 'கத்தியைக் கீழே போடு' என்றால் போடுவான். போலீஸ்காரர்களுக்கு மட்டும் அது ஏறாமலிருக்க மாதா மாதம் ஊசி. துப்பாக்கிச் சூடு, தடியடி என்று நாடு நாறிப்போயிருந்த சமயத்தில் வந்த துணி என்பதால் ஜனங்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். மண்டை உடைவதற்குத் தலையாட்டுவது மேல் என்று நினைத்தார்கள்.

ஆனால் சட்டம் ஒரு கோடு கிழித்தது. விசாரணை அறைக்குள் அந்தத் துணியோடு போகக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விசாரணை அறைக்கு வெளியே ஒரு ஆணியில் சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டை தொங்கும். காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அப்படி வாங்கி, கேமராவில் பதிந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லும். துணியோடு வாங்கியது செல்லாது, வாங்கியவர் வேலையும் நிலைக்காது. 'ஆணிச் சட்டை' என்று அதற்குப் பெயர். கேமரா எப்போதும் கைதியின் முகத்தைத்தான் பார்க்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன போட்டிருக்கிறார் என்று அதில் தெரியாது.

போன ஆடியில் செங்காட்டுப்பாளையத்தில் ஒரு நூல் குடோன் எரிந்து, உள்ளே படுத்திருந்த வாட்ச்மேன் ரங்கண்ணன் கரிக்கட்டையாகிப் போனார். முதலாளியோடு கூலித் தகராறு செய்தவன் தவசி. பிடித்து வந்தார்கள். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். அன்றைக்குப் பார்த்து ஆணிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார்கள், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள்தானே என்று செங்கமலம் காக்கியோடு உள்ளே போய்விட்டாள். 'இந்தத் துணி ஆளைப் பணிய வைக்குமே தவிர, பொய் பேச வைக்காது' என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னவர் யாரிடம் சோதித்துப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

"பின் கதவு வழியாத்தானே உள்ள போனே?"

"ஆமாங்கம்மா."

"பெட்ரோல்தானே ஊத்துனே?"

"பெட்ரோல்தானுங்கம்மா."

மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

சில நாள் கழித்து இன்னொரு வேலையாக அந்தப் பக்கம் போனவள், எரிந்த குடோனுக்குள் சும்மா எட்டிப் பார்த்தாள். பின் கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது. செங்கலின் உள்பக்கம் முழுக்கப் புகைக்கரி அப்பியிருந்தது. அப்படியென்றால் தீப்பிடித்தபோதே அங்கே சுவர்தான் இருந்திருக்கிறது, கதவே இல்லை. அவள் கேட்டதற்கு அவன் ஆமாம் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்!

டிஎஸ்பியிடம் ஓடினாள். அவர் காது கொடுக்கவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் முதலாளி குடோனை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார். கதவுமில்லை, சுவருமில்லை. மிச்சம் இருந்தது அவன் சொன்ன 'ஆமாங்கம்மா' மட்டும்தான். அதை உடைக்க அவளிடம் ஒரே ஆயுதம் இருந்தது. 'நான் தலையாட்டித் துணியோடு உள்ளே போனேன்' என்று நீதிபதியிடம் எழுதிக் கொடுத்து, அன்றைக்குப் போட்டிருந்த காக்கியையும் ஒப்படைத்தாள். அது சோதனைக்குப் போயிருந்தது. முடிவு இன்றைக்கு.

கோர்ட் வராந்தாவில் அவளைக் கண்டதும் தடய அறிவியல் கூடத்து நவநீதன் எழுந்து வந்தார். கையில் சீல் உடைத்த உறை, அதற்குள் அவளுடைய காக்கி. அவர் முகம் சரியில்லை.

"மேடம், உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சட்டம் இடம் குடுக்காது, ஆனாலும் மனசு கேக்கல."

"சொல்லுங்க சார். எதுக்கும் துணிஞ்சுதான் வந்திருக்கேன்."

"உங்க துணி செத்துப் போன துணி."

அவளுக்குப் புரியவில்லை. "செத்துப் போச்சுன்னா?"

"அந்த இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கும். உடம்புச் சூட்டுக்கு அது வழியாத்தான் ஆவி வெளிய வரும். உங்க துணியில அத்தனை ஓட்டையும் அடைஞ்சு கெடக்கு. மாவு. அரிசி மாவு. ஒருதரம் அடைஞ்சா இழை பட்டுப் போயிரும், அப்புறம் அலசுனாலும் உயிர் வராது. படிஞ்சிருக்கற அடுக்கைப் பார்த்தா துணி வந்த புதுசுலயே ஆரம்பிச்சிருக்கு. நீங்க அந்தப் பையனை விசாரிச்ச அன்னிக்கு இது வெறும் காக்கி. கடையில மீட்டர் கணக்குல வாங்கற காக்கிக்கும் இதுக்கும் வித்தியாசமே கிடையாது."

செங்கமலம் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"கஞ்சி போட்டீங்களா?"

"டிப்பார்ட்மென்ட் லாண்டிரில இருந்து துவண்டு போயி வந்துச்சு அம்மிணி," என்றார். "காக்கின்னா வெறைப்பா நிக்க வேண்டாமா? நீ அதைப் போட்டுட்டுப் போறப்ப ரேஷன் பை மாட்டுன மாதிரி இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. சோறு வடிச்ச கஞ்சியில ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஒரு முக்கு முக்கி..."

"கஞ்சி போடக் கூடாதுன்னு அத்தனை தரம் சொன்னேனில்ல!"

"ஏன்னு நீ சொல்லலையே."

உண்மைதான். ஏன் என்று அவளுக்கே யாரும் சொல்லவில்லை. கூடாது என்றார்கள், கூடாது என்று விட்டாள். அவளும் தலையாட்டிய ஜாதிதான்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாக அவள் அந்தத் துணியை நம்பி என்னவெல்லாம் செய்திருக்கிறாள்! தேர்த் திருவிழாவில் இரண்டு கூட்டம் கல்லோடு மோதிக்கொண்டபோது நடுவில் போய் நின்று, குரலைக்கூட உயர்த்தாமல் 'வீட்டுக்குப் போங்க' என்றாள். போனார்கள். அதற்கு முந்தைய வருஷம் அதே கூட்டத்தைக் கண்டு அவள் கால் வெடவெடத்திருக்கிறது. துணி இருக்கிறது என்ற தைரியத்தில் முதுகு நிமிர்ந்தது, குரல் இறங்கியது, கண் இமைக்காமல் பார்க்கப் பழகியது. கடைசியில் எல்லாம் வெறும் காக்கியும் கஞ்சியும்!

அதைவிட அடுத்து வந்த நினைப்புதான் அவளைச் சுட்டது. தவசியைத் தலையாட்ட வைத்தது துணி இல்லை. அவள்தான்.

"அப்ப கேஸு?" என்றாள்.

நவநீதன் தரையைப் பார்த்தார். "துணி செத்தது. அதனால வாக்குமூலம் சுத்தம். சட்டப்படி அவன் தானா மனசு வந்து சொன்னதா ஆகுது. உங்க வேலைக்கும் ஆபத்தில்ல மேடம்."

நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார், பாவம். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வேலை பிழைத்தது என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு குளிர்ந்ததையும் அவள் கவனித்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் பேர் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீதிபதி அருமைநாயகம் கறுப்பு அங்கியில் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். நிதானமான மனுஷர், நேர்மையானவர் என்று பெயர். நவநீதன் சாட்சி சொல்லி முடித்ததும் அரசு வக்கீலுக்கு முகமெல்லாம் பல்.

"கனம் நீதிபதி அவர்களே, இனி பேச ஒண்ணுமே இல்ல. துணியில ஒண்ணுமில்ல. இன்ஸ்பெக்டரம்மா மனசாட்சிக்குப் பயந்து வந்தாங்க, பாராட்டலாம். ஆனா வாக்குமூலம் வாக்குமூலம்தான்."

தவசிக்காக இலவசமாக வாதாட வந்திருந்த பெண் வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல முயன்றாள், எடுபடவில்லை. கூண்டில் தவசி கைகட்டி நின்றான். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய், அனாதை விடுதியில் வளர்ந்தவன். அங்கே சபாரி சட்டை போட்ட வார்டன் கேட்ட கேள்விக்கு 'ஆமாங்கய்யா' என்று சொன்னால் சோறு, 'இல்லை' என்றால் முட்டிக்கால். பத்து வருஷப் படிப்பு அது, லேசில் மறக்குமா?

"ஐயா," என்றாள் செங்கமலம். "எனக்கு ஒரு அனுமதி வேணும். அந்தக் காக்கியைப் போட்டுக்கிட்டு இவனை ஒரு நிமிஷம் கேள்வி கேக்கணும்."

"சாட்சி எதிரியைக் கேள்வி கேக்கற வழக்கமெல்லாம் இங்க கிடையாது!" என்று அரசு வக்கீல் குதித்தார்.

"துணியில ஒண்ணுமில்லைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று பெண் வக்கீல் பாய்ந்தாள். "அப்புறம் எதுக்குப் பயம்?"

நீதிபதி தாடையைத் தடவினார். "அதுவும் சரிதான். வெறும் துணியைப் போட்டுக்கறதுல என்ன வந்துரப் போகுது? கேளுங்க."

பக்கத்து அறையில் சேலையை மாற்றிக்கொண்டு திரும்பினாள். கஞ்சி போட்ட காக்கி நடக்க நடக்க மொறமொறவென்று சத்தம் போட்டது. அவள் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் விறைத்தான். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாலு பேர் காலை மடக்கிக்கொண்டார்கள். கூண்டுக்குள் தவசியின் கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டதை அவள் பார்த்தாள். அன்றைக்கும் சுருண்டிருக்கும். அன்றைக்கு அவள் குனிந்து பார்க்கவில்லை.

"தவசி, உனக்கு என்ன வயசு?"

"இருவத்திரெண்டுங்கம்மா."

கையைக் கூண்டின் கட்டையில் வைத்தாள். அதே குரல், உயர்த்தாத குரல்.

"முப்பது வருசத்துக்கு முன்னாடி சந்தைப்பேட்டையில பொன்னுசாமின்னு ஒரு மாட்டு வியாபாரியை வெட்டிப் போட்டாங்க. அதை நீதானே பண்ணுனே?"

"ஆமாங்கம்மா."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது பாதியிலேயே நின்றுபோனது.

"அரிவாள்லதானே வெட்டுனே?"

"அரிவாள்லதானுங்கம்மா."

"நீ அப்பப் பொறக்கவே இல்லையேடா..." அவள் குரல் உடைந்தது. "பொறக்கறதுக்கு முன்னாடி எப்படிடா வெட்டுனே?"

தவசி திருதிருவென்று விழித்தான். தப்பாகப் பதில் சொல்லிவிட்டோமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "நீங்க எப்படிச் சொல்றீங்களோ, அப்படித்தானுங்கம்மா," என்றான்.

செங்கமலம் அழுதுகொண்டிருந்தாள். காக்கியோடு அழக் கூடாது என்று துறையில் சொல்வார்கள். அந்த வார்த்தையையும் அவள் மீறிவிட்டாள்.

"நாடகம்!" என்று கத்தினார் அரசு வக்கீல். "முன்னாடியே சொல்லிக் குடுத்துக் கூட்டீட்டு வந்திருக்காங்க! இந்தம்மாவுக்கு இவன் மேல பரிதாபம்!"

நீதிபதி தவசியிடம் திரும்பினார். "உண்மையைச் சொல்லணும். இந்தம்மா உனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாங்கய்யா."

அரசு வக்கீல் இரண்டு கையையும் விரித்தார். 'பார்த்தீர்களா' என்று அர்த்தம். செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. நல்லது செய்யப் போய் அவனை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டாள். பெண் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நீதிபதி மட்டும் எழுதப் போன பேனாவை நிறுத்தினார். தவசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதே நிதானமான குரலில் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் ஜெயிலுக்கு வந்து உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தானே?"

"ஆமாங்கய்யா," என்றான் தவசி உடனே. "நீங்கதானுங்கய்யா."

நீதிபதி குனிந்து தன் அங்கியைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகப் போட்டுவரும் அங்கி. அதில் எந்த இழையும் கிடையாது, மில்லில் நெய்த சாதாரணக் கறுப்புத் துணிதான். அதன் விளிம்பை இரண்டு விரலால் தூக்கி, ஏதோ அழுக்கு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பார்த்தார். இத்தனை வருஷத்தில் தன் முன்னால் எத்தனை பேர் 'ஆமாங்கய்யா' சொன்னார்கள் என்று எண்ணினாரோ என்னவோ, முகம் வெளுத்துப் போனது. பேசாமல் எழுந்து தன் அறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தார். அங்கி இல்லாமல் பார்த்தால் அவரும் சென்னியப்பன் மாதிரி, பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு வயசான மனுஷர், அவ்வளவுதான். மேடையில் ஏறவில்லை. கீழே ஒரு நாற்காலியை இழுத்துக் கூண்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

"வக்கீலுங்க எல்லாம் கோட்டைக் கழட்டி பெஞ்சுல வைங்க. போலீஸ்காரங்க வெளிய போங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னாப் போதும்." பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். "நீங்களும்தாம்மா. உங்க மேல நடவடிக்கை வரும். விசாரணை அறைக்குள்ள காக்கியோட போனது போனதுதான். துணி செத்துதா, உசுரோட இருந்துதாங்கறது வேற கதை."

"தெரியுங்கய்யா," என்றாள்.

வராந்தாவுக்கு வந்தாள். கதவைச் சாத்தினார்கள். சென்னியப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்று, "எல்லாம் என்னாலதான் அம்மிணி," என்றார்.

"நீங்க கஞ்சிதானுங்க போட்டீங்க. கேள்வியை நான்தானுங்க போட்டேன்," என்றாள். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு நீதிபதியின் குரல், யாரோ வீட்டுக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரி.

"காலைல சாப்பிட்டியாப்பா?"

பதில் வரவில்லை. செங்கமலம் கதவில் காதை வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சென்னியப்பனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ இருமினார்கள்.

"இல்லீங்க," என்றான் தவசி.

சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை என்பதால் பாதிதான் வெளியே வந்தது. அடிக்கு ஒதுங்குகிறவன் குரல் அது. அடி விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடர்ந்தான், இப்போது வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி.

"இன்னும் சாப்பிடலீங்க. அந்தக் குடோனுக்கும் நான் போகலீங்க."